அறிவினா, அறியாவினா, ஐயவினா: ஆசிரியர் பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்வழியில் படித்த எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பில் மனப்பாடம் செய்த பட்டியல் இது. வினா ஆறு வகைப்படும்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்தது. ஒவ்வொன்றுக்கும் பாடப்புத்தகம் ஒரு எடுத்துக்காட்டு கொடுக்கும். கடைக்காரரிடம் ‘பருப்பு இருக்கா’ என்று கேட்டால் கொளல்வினா. அரையிருட்டில் கிடப்பதைப் பார்த்து ‘பாம்பா, கயிறா’ என்றால் ஐயவினா. பதில் தெரியாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது அறியாவினா. இதற்கு எடுத்துக்காட்டு பெரும்பாலும் மாணவர் ஆசிரியரிடம் கேட்பதாக இருக்கும். தனக்குப் பதில் தெரிந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்பது அறிவினா. இதற்கு எடுத்துக்காட்டு ஆசிரியர் மாணவரிடம் கேட்பது.

இந்தக் கடைசி இரண்டும்தான் கொஞ்ச நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் என்றால் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பவர், மாணவர் என்றால் தெரியாததைக் கேட்பவர் என்று எடுத்துக்காட்டிலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். நடைமுறையில் அந்த இரண்டாவது பாதியும் நடப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ‘சார், தண்ணி குடிச்சுட்டு வரட்டா’ ரகம்தான். (இது ஆறில் எந்த வகை என்று தமிழாசிரியர்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன்.)

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடு முழுக்க மாவட்டந்தோறும் வந்த நிறுவனங்களில் ஒன்று. அது போக மாவட்டத்தில் தனியார் பி.எட். கல்லூரிகள் இருக்கின்றன. கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி, கோம்பை என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கே பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்கள் பாடம் நடத்தும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சில வருடங்களாகக் கிடைத்துவருகிறது. கல்லூரி பெயர், பள்ளி பெயர் எதுவும் இங்கே தேவையில்லை. நான் புரிந்துகொள்ள நினைப்பது ஒரே விஷயம். பிள்ளைகளை யோசிக்கவைக்கும் ஆசிரியரை ஒரு பயிற்சியால் உருவாக்க முடியுமா? முடியும் என்றால் இப்போதைய பயிற்சியில் அதற்கு எங்கே இடம் இருக்கிறது?

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். சமூக அறிவியல், நீர்வளம் பற்றிய பாடம். பயிற்சி ஆசிரியை சுறுசுறுப்பானவர், குரல் நன்றாக இருக்கிறது, கரும்பலகை எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

‘முல்லைப் பெரியாறு அணையைக் கட்டுனது யாரு?’

‘பென்னிகுயிக்!’ என்று மொத்த வகுப்பும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குப் பதில் தெரியாத பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வீட்டிலும் கடையிலும் படம் மாட்டியிருக்கும். லோயர் கேம்பில் மணிமண்டபமே இருக்கிறது.

‘எந்த வருஷம்?’ ‘1895!’ ‘இப்போ எத்தனை அடி வரைக்கும் தேக்கலாம்?’ ‘142!’ ‘வெரிகுட்.’

இப்படியே நாற்பது நிமிடம் போனது. நடுவில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, ‘டீச்சர், 999 வருஷம்னு எதுக்குப் போட்டாங்க? ஆயிரம்னே போட்டிருக்கலாம்ல?’ என்றாள். 1886ஆம் ஆண்டு குத்தகை ஒப்பந்தம் பற்றி ஆசிரியை ஒரு வரி சொல்லியிருந்தார். அதில் வந்தது இந்தக் கேள்வி. ‘அது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். பிள்ளையும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர், ‘கிளாஸ் கன்ட்ரோல் நல்லா இருந்துச்சு, பிள்ளைங்க நல்லா ரெஸ்பான்ஸ் பண்ணுனாங்க’ என்று ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த 999க்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலருக்கும் இடையே போடப்பட்டது. சுமார் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை. 1970இல் அது 30 ரூபாய் ஆனது. விற்காமல் ஏன் குத்தகை? 1886இல் ஒரு சமஸ்தானம் பிரிட்டிஷ்காரனிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடியுமா? 99, 999 என்று குத்தகை எழுதுவது ஆங்கிலேயர்களின் நிலச் சட்டப் பழக்கம், அது இங்கே வந்து எப்படி உட்கார்ந்தது? வரலாறு, குடிமையியல், கணக்கு எல்லாம் ஒரு பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்து விழுந்தது. ஆசிரியைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘ஏன்னு நீ என்னா நெனைக்கிற?’ என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும். நன்னூலில் விடை எட்டு வகை; அதில் வினா எதிர் வினாதல் என்று ஒன்று உண்டு. ‘சாப்பிட்டியா’ என்றால் ‘சாப்பிடாம இருப்பேனா’ என்பது. இலக்கணத்தில் அதன் சாயல் வேறு என்றாலும் பெயர் இங்கே அழகாகப் பொருந்துகிறது.

அதே பாடத்தில் கேட்கப்படாத இன்னொரு கேள்வி. பெரியாறு மேற்கே பாய்கிற ஆறு, அரபிக்கடலுக்குப் போவது. நாம் இருப்பது மலைக்குக் கிழக்கே. அப்புறம் தண்ணீர் எப்படி இங்கிட்டு வந்தது? குமுளிக்குப் போகும் மலைச்சாலையில் ராட்சதக் குழாய்களைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. லோயர் கேம்ப் மின்நிலையமும் தெரியும். ஆனால் தேக்கடி ஏரி, மலையைக் குடைந்த சுரங்கம், குழாய், மின்நிலையம், ஆறு, வயல் என்று இவற்றைக் கோத்து ஒரு படமாக வரைந்து பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் சுரங்கத்தையே விட்டுவிடுவார்கள். அப்போதுதான் ‘தண்ணி மலை மேல எப்படி ஏறுச்சு’ என்ற கேள்வி பிறக்கும். ஏறவில்லை, அணை தேக்கி மட்டத்தை உயர்த்தியது, சுரங்கம் மலையைத் துளைத்தது, அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் பள்ளம் என்பதால் தண்ணீர் தானாக இறங்கியது. மட்டம் என்கிற கருத்து அங்கேதான் புரியும். ஜூன் மாதம் கம்பத்தில் வெறும் காற்றும் சாரலும் இருக்கும்போது வயலுக்கு ஏன் தண்ணீர் வருகிறது, 14,707 ஏக்கர் இருபோக நெல் மழைமறைவுப் பிரதேசத்தில் எப்படி விளைகிறது என்பதெல்லாம் அதிலிருந்து வருகிற கேள்விகள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறிப் போய்வரும் அம்மாக்களின் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள். அம்மா ஏன் மேலே ஸ்வெட்டர் போட்டுப் போகிறாள், கீழே வந்ததும் ஏன் கழற்றுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்த புவியியல்.

இனி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்பார், பிறகு அடுத்த கேள்வி. இந்த மூன்று தட்டுத் தாளத்தை 1975இல் சின்க்ளேர், கூல்ட்ஹார்ட் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இங்கிலாந்து வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து காட்டினார்கள். 1979இல் ஹ்யூ மெஹன் அமெரிக்காவில் அதையே கண்டார். ஆக இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது தட்டு. ‘வெரிகுட்’ என்றவுடன் யோசனை முடிந்துவிடுகிறது. பதில் கிடைத்தாயிற்று, இனி எதற்கு யோசிக்க வேண்டும்?

இதைவிட எளிமையானது மேரி பட் ரோ என்பவர் 1970களில் செய்தது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடிதான் வந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைக் கேட்பார்கள், அல்லது கேள்வியை மாற்றுவார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். இதை மூன்று விநாடிக்கு நீட்டச் சொல்லிப் பார்த்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, ‘தெரியாது’ குறைந்தது, காரணம் சொல்வது கூடியது, மந்தம் என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் திருப்பிக் கேள்வி கேட்பதும் கூடியது.

மூன்று விநாடி என்பது காகிதத்தில் சின்ன விஷயம். நாற்பது பிள்ளைகள் முன்னால், பின்பெஞ்சில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மூன்று விநாடி சும்மா நின்று பாருங்கள். ஒரு பயிற்சி மாணவி என்னிடம் சொன்னது: ‘அமைதியா இருந்தா எனக்குப் பாடம் நடத்தத் தெரியலைன்னு நெனச்சுருவாங்கள்ல சார்.’ நியாயமான பயம்தான். நம் மதிப்பெண் தாளில் அமைதிக்குக் கட்டம் இல்லை.

பயிற்சிக்கு வருபவர்கள் வெறும் கையோடு வருவதில்லை. டான் லார்ட்டி 1975இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு சொல்கிறார்: பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தச்சனுக்கோ டாக்டருக்கோ இப்படி ஒரு முன்பயிற்சி கிடையாது. ஆனால் பார்த்தது பெஞ்சிலிருந்து. ஆசிரியர் செய்ததைப் பார்த்தோம், ஏன் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதைப் பார்க்கவில்லை. இதற்கு எதிரே நாம் வைப்பது என்ன? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் பி.எட். படிப்பை இரண்டு வருடமாக்கி, பள்ளியில் 20 வாரம் இருக்க வேண்டும் என்றன. அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். முன்பிருந்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் 13,000 மணி நேரத்துக்கு முன்னால் 20 வாரம். கை நடுங்கும்போது எது வெளியே வரும்? தன் ஏழாம் வகுப்பு சாரின் குரல்தான் வரும்.

பள்ளிக்கு அனுப்பும் முன் கல்லூரியில் நடப்பது மைக்ரோ டீச்சிங், பாடப்புத்தகத் தமிழில் நுண்ணிலைக் கற்பித்தல். 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் குழு ஆரம்பித்தது. நம் நாட்டுக்கு 1960களின் பின்பகுதியில் வந்தது. இந்திய வடிவம் 36 நிமிடம்: 6 நிமிடம் நடத்து, 6 நிமிடம் கருத்துக் கேள், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடு, மறுபடி 6 நிமிடம் நடத்து, மறுபடி 6 நிமிடம் கருத்துக் கேள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு திறன். தொடங்குதல், விளக்குதல், தூண்டல் மாற்றுதல், வலுவூட்டுதல், கரும்பலகை, கிளர்வினா கேட்டல்.

ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்துப் பழகுவது நல்ல யோசனைதான். சிக்கல் எங்கே என்றால், எதிரில் உட்கார்ந்திருப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை, கூடப் படிக்கும் தோழிகள். அவர்கள் ஆறாம் வகுப்பு மாதிரி நடிக்கிறார்கள். நடிப்பில் ஒரு தர்மம் இருக்கிறது: தோழியை மாட்டிவிடக் கூடாது. அதனால் யாரும் தப்பாகப் பதில் சொல்வதில்லை. சரியான பதில், அதற்கு ‘வெரிகுட்’, வலுவூட்டல் திறனுக்கு ஒரு டிக். அடுத்தவர் நடத்தும்போது இவர் கைமாறு செய்வார். ஆக கேள்வி கேட்கும் திறனில் எது கஷ்டமோ, அதாவது எதிர்பாராத பதில் வந்தால் என்ன செய்வது என்பது, அது மட்டும் பழகப்படாமலே போகிறது.

இன்னொன்று ப்ளூம். 1956இல் பெஞ்சமின் ப்ளூம் குழு வெளியிட்ட வகைப்பாடு, 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் திருத்தியது: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். பாடக்குறிப்பு நோட்டில் இதற்குப் பத்தி போட்டு, ‘மாணவன் பகுத்தாய்கிறான்’, ‘மாணவன் மதிப்பிடுகிறான்’ என்று எழுத வேண்டும். எழுதுகிறார்கள். நோட்டில் மாணவன் பகுத்தாய்ந்துகொண்டே இருக்கிறான். வகுப்பில் அவன் ‘142’ என்று கத்துகிறான்.

ப்ளூமைக் குறை சொல்லவில்லை. ஆனால் உயர்நிலை, கீழ்நிலை என்பது கேள்வியின் வாக்கியத்தில் இல்லை என்பது என் கட்சி. ‘கம்பத்தில் மழை ஏன் குறைவு?’ என்பது பார்வைக்கு உயர்நிலைக் கேள்வி. நேற்று ‘மழைமறைவுப் பிரதேசம் என்பதால்’ என்று நோட்டில் எழுதவைத்துவிட்டு இன்று கேட்டால் அது சுத்தமான நினைவுகூர்தல். மாறாக ‘உங்க வீட்டுக் கெணத்துல எந்த மாசம் தண்ணி ஏறுது?’ என்பது சாதாரணத் தகவல் கேள்வி. ஆசிரியருக்குப் பதில் தெரியாது, ஆளுக்கொரு மாசம் சொல்வார்கள், ஏன் வித்தியாசம் என்று கேட்டாக வேண்டியிருக்கும். வினைச்சொல் பட்டியலைவிட நன்னூல் இதைக் கச்சிதமாகப் பிடிக்கிறது. கேட்பவர் மனநிலையை வைத்துத்தான் அது வகை பிரிக்கிறது. அதே வாக்கியம் ஒருவர் வாயில் அறிவினா, இன்னொருவர் வாயில் அறியாவினா.

சரி, எதிர்பாராத பதிலுக்குப் பழக்குவது எப்படி? 2013இல் மேக்டலின் லாம்பர்ட்டும் அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் ஒத்திகை என்ற முறையைப் பற்றி எழுதினார்கள். மைக்ரோ டீச்சிங் மாதிரிதான் இருக்கும், ஆனால் இரண்டு வித்தியாசம். பயிற்றுநரே மாணவராக மாறி, உண்மையான பிள்ளைகள் சொல்லக்கூடிய குழப்பமான பதிலைச் சொல்வார். ஆசிரியை தடுமாறும் இடத்தில் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, ‘இப்ப உன் முன்னால என்னென்ன வழி இருக்கு?’ என்று எல்லோரும் பேசுவார்கள். பிறகு அதே இடத்திலிருந்து மறுபடி ஓட்டுவார்கள். முடிந்த பிறகு மார்க் போடுவது இல்லை, நடுவிலேயே நிறுத்துவதுதான் இதன் சாரம்.

இங்கே இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். அதற்கு முதலில் சரக்கு வேண்டும், அதாவது பிள்ளைகள் நிஜமாகச் சொல்லும் தப்பான பதில்கள். பயிற்சிக்குப் போனவர்களிடம் அதைச் சேகரித்துவரச் சொன்னால் முதலில் சிரித்தார்கள். பிறகு குவிந்தது. அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கே ஒரு தனி ஆசை.

1/2 + 1/3 எவ்வளவு? பையன் 2/5 என்கிறான். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டான். உலகம் முழுக்க நடக்கும் தப்பு. ஒத்திகையில் ஆசிரியை முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: ‘தப்பு. வேற யாரு?’ நிறுத்தினோம். வேறு என்ன வழி? ‘பொது மடங்கு எடுக்கணும்னு மறுபடி சொல்லலாம்’ என்றார் ஒருவர். ‘எப்படி வந்துச்சுன்னு கேக்கலாம்’ என்றார் இன்னொருவர். கேட்டால் பையன் என்ன சொல்வான்? மாணவராக நடித்தவர் திராட்சைத் தோட்டத்துப் பையன் ஆனார்: ‘ஒரு பெட்டியில ரெண்டு கொலை, அதுல ஒண்ணு கெட்டுப்போச்சு. இன்னொரு பெட்டியில மூணு கொலை, அதுலயும் ஒண்ணு கெட்டுப்போச்சு. மொத்தம் அஞ்சு கொலையில ரெண்டு கெட்டுப்போச்சு. 2/5தான டீச்சர்?’

அறை அமைதியாகிவிட்டது. மூன்று விநாடிக்கு மேலேயே. ஏனென்றால் பையன் சொன்னது சரி. ஐந்தில் இரண்டு கெட்டுத்தான் போயிருக்கிறது. அப்படியானால் 5/6 தப்பா? அதுவும் சரி. இரண்டும் சரியாக இருக்க முடியுமா?

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. பி.எஸ்.சி. கணக்கு முடித்தவர்கள். கடைசியில் ஒருவர் பிடித்தார்: ‘1/2ங்கிறது எதுல பாதி? பையனோட 1/2 முதல் பெட்டியில பாதி. அவனோட 1/3 ரெண்டாவது பெட்டியில மூணுல ஒண்ணு. பெட்டியே வேற வேற. நாம கூட்டும்போது ஒரே பெட்டியில பாதி, அதே பெட்டியில மூணுல ஒண்ணு.’ அதுதான் விஷயம். பின்னங்களைக் கூட்டும்போது முழுமை ஒன்றாக இருக்க வேண்டும். பையன் செய்தது இரண்டு குவியலைக் கலந்து புது விகிதம் கண்டது. அது வேறு கணக்கு, ஆனால் உருப்படியான கணக்கு. கிரிக்கெட்டில் தொடர்களைச் சேர்த்து வெற்றி விகிதம் போடுவது அப்படித்தான். இன்னொரு சோதனையும் வந்தது: 1/2ஓடு எதையோ கூட்டி, விடை 1/2ஐவிடக் குறைவாக வர முடியுமா? 2/5 பாதிக்கும் குறைவு. இதை வைத்துப் பையனையே சந்தேகப்பட வைக்கலாம். அவனிடம் ஐயவினாவை எழுப்பிவிட்டால் மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

பொது மடங்கு எடுப்பதைப் பல வருடங்கள் செய்தவர்கள் இவர்கள். ஏன் எடுக்கிறோம் என்பது அன்றுதான் வெளிச்சமானது என்று இரண்டு பேர் சொன்னார்கள். தான் ஆழமாக யோசித்து அனுபவித்திராத ஒருவர் அதை வகுப்பில் எப்படி நிகழ்த்துவார்? கேள்வி கேட்கும் உத்திகளை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். ஏழாம் வகுப்புப் பாடத்தை ஆசிரியராகப் போகிறவர் இன்னொரு தடவை, மாணவராகவே, குழம்பிக் குழம்பிப் படிக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய மையம் ஆகியவை 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 1982இல் உருவான ஏகலவ்யா பிறகு அதைத் தொடர்ந்தது. அந்தப் பாடப்புத்தகத்தில் சோதனைகளும் கேள்விகளும் இருக்கும், விடை இருக்காது. பயிற்சி முகாம்களில் ஆசிரியர்கள் பிள்ளைகள் செய்ய வேண்டிய எல்லாச் சோதனைகளையும் தாங்களே செய்து, சண்டைபோட்டு முடிவுக்கு வந்தார்கள். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். சவாலிராம் என்று ஒரு கற்பனைப் பாத்திரம் உண்டு. பிள்ளைகள் எந்தக் கேள்வியையும் அவருக்குக் கடிதமாக எழுதிப் போடலாம், பதில் வரும். அறியாவினாவுக்கு ஒரு விலாசம் கொடுத்த திட்டம். 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது.

நம் மாநிலத்திலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலியின் அட்டை முறையிலிருந்து வந்தது. பெரிய வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி. 2022இல் எண்ணும் எழுத்தும். படைப்பாற்றல் கல்வியில் மனவரைபடம் வரைவது ஒரு படி. யோசித்து வரைய வேண்டியதை, சில வருடத்தில் கைடு புத்தகங்கள் அச்சடித்துக் கொடுத்தன. பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள். முறையை மாற்றுவது சுலபம், ஆசிரியரின் காது மாறுவதுதான் நேரம் பிடிக்கிறது.

எதிர்வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மனப்பாடத்தை இப்படி இளக்காரமாகப் பேசலாமா? பேசக் கூடாது. யோசிக்க மண்டைக்குள் ஏதாவது இருக்க வேண்டும். வாய்பாடு தெரியாத பிள்ளை 1/2 + 1/3இல் அர்த்தம் தேட உட்கார்ந்தால் பெருக்கலிலேயே களைத்துவிடும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் மனப்பாடம்தான். ஆனால் அந்த மனப்பாடம் நெல் அளப்பதோடும் பொன் நிறுப்பதோடும் கட்டியிருந்தது. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகப் பேசுகிறது. ‘1895’ எதோடும் கட்டப்படாமல் அந்தரத்தில் தொங்குகிறது என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. ஒரு பயிற்சி மாணவி முகத்துக்கு நேராகவே கேட்டார்: ‘இதெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. எனக்கு டெட் பாஸ் பண்ணணும். அதுல யோசிக்கவா சொல்றாங்க?’ ஆசிரியர் தகுதித் தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் 150 கேள்விகள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்வி உளவியல் பகுதியில் பியாஜே எத்தனை படிநிலை சொன்னார் என்பது போன்ற கேள்விக்குத் தயாராக வேண்டும். பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த மனிதர், நம்மிடம் ஓர் எண்ணாக வந்து சேர்கிறார். அவருக்கு வீட்டில் தம்பி படிப்புச் செலவு இருக்கிறது, அப்பா மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார். அவரிடம் போய் ‘முதலில் ஆழமாக யோசி, பிறகு வேலை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் ஒத்திகை, சாயந்திரம் டெட் மாதிரித் தேர்வு என்று இரண்டையும்தான் அவர் செய்தார்.

பள்ளியும் பயிற்சி மாணவியைப் பாடத்தை முடித்துக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறது. அவர் பெரியாறு சுரங்கத்தில் மூன்று பீரியட் நின்றுவிட்டால், அரைப்பரீட்சைக்கு முன் அந்தப் பாரம் வழிகாட்டி ஆசிரியர் தலையில் விழும். அதனால் நாங்கள் பேசிவைத்துக்கொண்டது ரொம்பச் சின்ன அளவு. ஒரு பீரியடில் ஒரே ஒரு கேள்வி, தனக்குப் பதில் தெரியாத கேள்வியாகவோ, பிள்ளைகளுக்குள் கருத்து மாறுபடும் கேள்வியாகவோ இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். முதல் பதிலுக்கு ‘வெரிகுட்’ கிடையாது. ‘வேற யாராவது வேற மாதிரி நெனைக்கிறீங்களா?’ மட்டும்தான். பாடக்குறிப்பில் வழக்கமான பத்திகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், மார்க் அதற்குத்தானே.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. பிள்ளைகள் கேட்டு, தன்னால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை அதில் எழுத வேண்டும். மதிப்பெண் இல்லை. முதல் வாரம் எல்லா நோட்டும் காலி. ஒரு மாசத்தில் வந்த சில: ‘காத்தாடி சுத்தலைன்னா கரண்டு எங்கிருந்து வரும்?’ ‘வைகை அணைக்குத் தண்ணி போறப்ப நம்ம ஊருல எடுத்தா அது திருட்டா?’ ‘பாட்டிக்குப் பள்ளிக்கூடமே தெரியாது, அவுங்க எப்படி வட்டி கணக்கு போடுறாங்க?’ ‘ஏலக்காய் கேரளா மலையில விளையுது, ஏலம் மட்டும் ஏன் போடியில விடுறாங்க?’

இந்தக் கடைசிக் கேள்வியை எழுதிவந்தவர், தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விசாரித்து, ‘வாங்குறவங்க, கிட்டங்கி, லாரி எல்லாம் அந்தக் காலத்துலயே போடியில இருந்துச்சு’ என்று ஒரு பதிலோடு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தடியிலும் ஏலம் நடக்கிறது, எங்க அப்பா அங்கதான் போறாரு என்று ஒரு பையன் சண்டைக்கு வந்துவிட்டான். அந்த நோட்டில் அந்தக் கேள்விக்கு நேரே இன்னும் டிக் போடவில்லை.